கைராசி

மூன்றாவது மணி ரீடிங் முடிந்து கடைசி எலியைக் கூண்டில் விட்டு மூடியைச் சாத்தும்போது மணி ஒன்று பத்து. நான்காவது மணி ரீடிங் ஒன்று ஐம்பதுக்கு ஆரம்பிக்கும். நடுவில் நாற்பது நிமிடம். இந்த இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு ஷைனியின் முதுகைப் பார்ப்பதைத் தவிர எனக்கு ஒரு வேலையும் இல்லை. நிமிர்ந்த முதுகு, வெள்ளை ஏப்ரன், ஈரம் காயாத பின்னல், அதற்குக் கீழே நோட்டில் எண்களை எழுதுகிற கை. அந்தப் பேனாவை அவள் பிடித்திருக்கிற அழகைப் பார்க்க வேண்டும். மூட்டு என்று ஒன்று இருப்பதே தெரியாத விரல்கள். எனக்கு அவற்றைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது, வந்தால் வரட்டும், எரிச்சல் படக் காசு கொடுக்க வேண்டியதில்லை. எழுதி, கூட்டி, வகுத்துவிட்டுத் திரும்புகிறாள். “கோதைக்கா, மூணாவது குரூப்பு சராசரி ஒண்ணு புள்ளி ஒண்ணு ரெண்டு வருது. கண்ட்ரோல் ஒண்ணரைக்கு மேல நிக்கி. சூப்பர்க்கா. எல்லாம் உங்க கைராசிதான்.” கைராசியாம். பதினேழு வருடமாக இந்த மருந்தியல் கல்லூரியின் எலிக்கூடத்தில் எல்லோரும் சொல்கிற வார்த்தை, கேட்டுக் கேட்டு நானும் சிரித்துத் தலையாட்டிய வார்த்தை, இன்றைக்குக் காதில் விழுந்ததும் கசக்கிறது. ஏனென்றால் என் கை எங்கே நின்றது என்று எனக்குத் தெரியும். கோடு முழுகுவதற்கு முன்னாலேயே நின்றது. ஒரு அரிசி அளவு மேலே.

கோடு என்றால் மார்க்கர் பேனாவில் காலையில் நானே போட்ட கோடு. ஒவ்வொரு எலிக்கும் வலது பின்னங்காலில், கணுக்கால் மூட்டுக்கு நேரே, கறுப்பாக ஒன்று. பாதத்தில் வீக்கம் வரவைக்கிற ஊசியைப் போட்டுவிட்டு, மணிக்கொரு தரம் அந்தக் காலைக் கோடு வரைக்கும் பாதரசத்தில் முக்க வேண்டும், பக்கத்துக் குழாயில் பாதரசம் எவ்வளவு ஏறுகிறதோ அதில் ஊசிக்கு முன்னால் எடுத்த வெறும் பாதத்தின் அளவைக் கழித்தால் மீதி வீக்கம். ஆறு எலிக்கு வெறும் பசைத் தண்ணீர், அதுதான் கண்ட்ரோல். ஆறு எலிக்குக் கடையில் விற்கிற வலி மாத்திரை. மூன்றாவது ஆறுக்கு ஷைனியின் தழுதாழைச் சாறு. வேலியோரம் யாரும் நட்டு வைக்காமல் முளைத்துக் கிடக்கிற அந்தச் செடியின் இலையை நிழலில் உலர்த்தி, பொடித்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வற்றவைத்து, கரும்பச்சையாகத் தார் மாதிரி ஒரு பிசின் எடுத்து வைத்திருக்கிறாள். மூன்றாவது குரூப்பின் கால் வீக்கம் கண்ட்ரோலை விடக் குறைவாக இருந்தால் இலை வேலை செய்கிறது, இல்லாவிட்டால் இல்லை. இவ்வளவுதான் விஷயம், இதற்கு டாக்டர் பட்டம் தருகிறார்கள். கோடு வரைக்கும் முக்கினால் ஒரு எண். கோட்டை முழுகவிடாமல் பாதரசத்துக்கு ஒரு அரிசி மேலே நிறுத்தினால் வேறு எண், சின்ன எண், எல்லோருக்கும் பிடித்த எண். நான் வேண்டுமென்று நிறுத்தவில்லை. விரல் வலி. எலியின் இடுப்பை வளைத்துப் பிடித்துக் காலை இழுத்து இறக்குவதற்கு ஆட்காட்டி விரலும் கட்டை விரலும் நெருங்க வேண்டும், அவை நெருங்க மாட்டேன் என்கின்றன, அதனால் கை பாதியில் நின்றுவிட்டது. அப்படியென்றால் கண்ட்ரோல் எலிகளுக்கு ஏன் நிற்கவில்லை? அதே விரல்கள்தானே, அதே வலிதானே, அவற்றைக் கோடு முழுகும்வரை முக்கினேனே. இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. எலிகளைப் பார்க்கிறேன். சிவப்புக் கண்ணோடு ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உமியில் உட்கார்ந்திருக்கின்றன, என்னைக் கேள்வி கேட்க அவற்றுக்கு வாய் கிடையாது.

காலையில் ரவிக்கை கொக்கி மாட்ட முடியவில்லை. ஆறு கொக்கி. முதல் கொக்கியிலேயே விரல்கள் கைவிட்டுவிட்டன, பத்து நிமிடம் கண்ணாடி முன்னால் நின்றேன், அப்புறம் நாச்சிமுத்துவைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. தறிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனுஷன், சாப்பிட்ட கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு கொக்கியாக மாட்டிவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் அவர் என் ரவிக்கையைத் தொட்ட சந்தர்ப்பங்களுக்கெல்லாம் வேறு அர்த்தம் இருந்தது, இன்றைக்கு ஒரு குழந்தைக்கு மாட்டிவிடுவது மாதிரி மாட்டிவிட்டுப் போகிறார். “திங்கக்கெழமை மாத்திரை போட்டியா?” என்று மட்டும் வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டார். “போட்டனுங்க.” போடவில்லை. இந்தத் திங்கள் போடவில்லை, போன திங்கள் போடவில்லை, எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு திங்கள் போடவில்லை. பட்டை பட்டையாகப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்கிறது. அந்த மாத்திரையைப் போட்டால் செவ்வாய்க்கிழமை முழுக்க வயிற்றைப் புரட்டும், எலிக்கூடத்து வாடையும் சேர்ந்தால் எழுந்து நிற்க முடியாது, தலைமுடி சீப்போடு வரும். ஈரோட்டில் அந்த மூட்டு டாக்டரிடம் இதைச் சொன்னதற்கு நிமிர்ந்தே பார்க்காமல் எழுதிக்கொண்டிருந்தார். இதெல்லாம் இருக்கத்தான்மா செய்யும், வாழ்நாள் முழுக்கச் சாப்பிடணும், நீங்களா நிறுத்தினீங்கன்னா எலும்பை அரிச்சுடும், போனது திரும்பாது, அடுத்த ஆளை வரச் சொல்லுங்க. என் வயதில் பாதிதான் இருக்கும் அந்த டாக்டருக்கு. போனது திரும்பாது என்பதை ரேஷன் கடையில் சர்க்கரை இல்லை என்று சொல்கிற குரலில் சொன்னார். வெளியே வந்ததும் முடிவு செய்துவிட்டேன், உன் மாத்திரையை நீயே சாப்பிடு என்று.

அதற்குத் தைரியம் கொடுத்தது ஒரு படம். தை மாதக் கருத்தரங்குக்கு ஷைனி செய்து கொண்டுபோன ஆளுயரப் போஸ்டர், திரும்பி வந்ததும் எலிக்கூடத்துக்கு வெளியே நடையில் ஒட்டியிருந்தாள், இப்போதும் ஒட்டியிருக்கிறது. சிவப்புக் கட்டை உயரமாக நிற்கும், அது கண்ட்ரோல். பக்கத்தில் பச்சைக் கட்டை, இடுப்பளவுக்குக்கூட வராது, அது தழுதாழை. மேலே நட்சத்திரம், பக்கத்தில் அறுபத்திரண்டு சதவீதம் என்று எழுத்து. விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு அதன் முன்னால் எத்தனை நாள் நின்றிருக்கிறேன். அறுபத்திரண்டு சதவீதம் வீக்கம் குறைகிறதாம், எலிக்கே குறைகிறதென்றால் மனுஷிக்குக் குறையாதா? ஆராய்ச்சியில் நிரூபித்தது, போஸ்டரில் போட்டது, ஷைனியின் கைடு கதிரேசன் சார் கையெழுத்துப் போட்டது. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் காலை எட்டு நாற்பதுக்கு, யாரும் வருவதற்கு முன்னால், பிரிட்ஜைத் திறந்து அந்தப் பிசின் இருக்கிற கறுப்பு டப்பாவிலிருந்து ஒரு சுண்டைக்காய் அளவு எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன். கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு, நாக்கு மத்தியானம் வரைக்கும் பச்சையாக இருந்தது. அன்றிலிருந்து தினமும். திருட்டுத்தான், திருட்டு என்று தெரியும், ஆனால் அவளுடைய டப்பாவிலிருந்து எடுக்கிறோம் என்பதில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. முதல் வாரத்திலேயே வீக்கம் குறைந்த மாதிரி இருந்தது. இரண்டாவது வாரம் இன்னும் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. விரல்களை வெளிச்சத்தில் நீட்டி நீட்டிப் பார்ப்பேன், நேற்றைக்கு இன்றைக்குத் தேவலை என்பேன். மாதிரி, மாதிரி. நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று இந்த ஸ்டூலில் உட்கார்ந்து இப்போதுதான் புரிகிறது. என் விரலையும் நான் கோடு வரைக்கும் முக்காமலேதான் பார்த்திருக்கிறேன்.

இல்லை, அந்தப் பக்கம் போகாதே. வேறு எதையாவது நினை. புகைபோக்கி விசிறி கரகரவென்று ஓடுகிறது, அதில் ஒரு இறக்கை உடைந்து ஒரு வருடமாகிறது, மாற்ற ஆளில்லை. வெளியே சேலம் ரோட்டில் லாரி போகிறது. பினாயில், உமி, எலி மூத்திரம், இதற்கெல்லாம் மேலே ஆரஞ்சுப்பழ வாசனை. ஷைனி பழம் உரிக்கிறாள். நகத்தை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் தோல் முழுதாக வந்துவிடுகிறது. நான் ஆரஞ்சு உரித்து எவ்வளவு நாளாகிறது. “அக்கா, பாதி எடுத்துக்கோங்க.” “வேண்டாங்க மேடம்.” “ஏன்க்கா, காலையில இருந்து ஒண்ணுமே சாப்பிடல நீங்க. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.” “பசிக்கல.” சுளைகளை ஒரு காகிதத்தில் வைத்து என் பக்கமாக நகர்த்திவிட்டுத் திரும்பிக்கொள்கிறாள். இதுதான் இவளிடம் எனக்குப் பிடிக்காதது, எதற்கும் கோபப்பட மாட்டாள். நாசரேத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து நாலு வருடமாகிறது, ஹாஸ்டல் சோற்றைத் தின்றுகொண்டு இன்னும் அக்கா அக்கா என்கிறாள். மற்ற ஆராய்ச்சி மாணவர்கள் என்னை வேலைக்காரியாக நடத்துவார்கள், அவர்களை வெறுப்பது சுலபம். இவளை வெறுக்க நான் நிறையப் பாடுபட வேண்டியிருக்கிறது. சுளையை எடுத்து வாயில் போடுகிறேன், புளிக்கிறது, புளித்ததில் சந்தோஷமாக இருக்கிறது. “கை ரொம்ப வலிக்காக்கா? அடுத்த ரீடிங் வேணும்னா நான் பிடிக்கட்டுமா?” “நீங்களா?” என்று சிரித்துவிட்டேன். எலியைப் பிடிக்கத் தெரியாதவள். வந்த புதிதில் ஒரு எலி கடித்துவிட்டது, அதிலிருந்து வாலைக்கூடத் தொட மாட்டாள். அவள் எழுதுவாள், நான் முக்குவேன், நான்தான் எண்ணையும் படித்துச் சொல்வேன். அவளுடைய நாலு வருடமும் என் வாயிலிருந்து வந்த எண்கள்.

நான்தான் ஆரம்பித்தேன், அவள் ஒருநாளும் கேட்கவில்லை. இதை மறுக்க முடியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் முதல் தடவை இந்த இலையைச் சோதித்த அன்றைக்கு மூன்றாவது மணி வரைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை, கண்ட்ரோலும் இலையும் ஒரே உயரத்தில் நின்றன, நான் கோடு வரைக்கும் முக்கிச் சரியாகத்தான் சொன்னேன். இந்தப் பெண் நடையில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அழுதாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. இது வரலைன்னா தலைப்பையே மாத்தச் சொல்வாருக்கா சார், ரெண்டு வருஷம் போச்சு, அப்பாவுக்கு என்ன பதில் சொல்ல. பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நான்காவது மணிக்குப் போய் எலியைப் பிடித்தேன், கால் இறங்கியது, கோடு முழுக ஒரு அரிசி இருக்கும்போதே கை நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, கையே நின்றது. எண்ணைச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது பார், அதைப் பார்த்ததும் எனக்கும் ஒரு வேளை மருந்து வேலை செய்கிறதோ என்றுதான் தோன்றியது. அவளுக்கு முன்னால் செந்தாமரை என்று ஒருத்தி, அதற்கு முன்னால் இரண்டு பையன்கள், எல்லோருக்கும் இப்படித்தான் என் கையால் கடைசி மணியில் ரிசல்ட் வந்திருக்கிறது. கதிரேசன் சார் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளிடம் சொல்வார், கோதை கையால ரீடிங் எடுங்கப்பா, அந்தக் கை பட்டா மருந்து வேலை செய்யும். அவர் விளையாட்டாகச் சொல்வாரா, தெரிந்து சொல்வாரா என்று நான் யோசித்ததில்லை. இப்போது யோசித்தால் தெரிந்துதான் சொல்லியிருக்கிறார் என்று படுகிறது, அந்த மனுஷன் எதையும் விளையாட்டாகச் சொல்லி நான் பார்த்ததில்லை. பட்டம் வாங்கிப் போகிறவர்கள் எனக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுப்பது இங்கே வழக்கம். எட்டுப் புடவை சேர்ந்திருக்கிறது. பக்கத்து லேபில் இருபது வருடமாக வேலை பார்க்கிற மாரியக்காவுக்கு ஒரு கைக்குட்டைகூட வந்ததில்லை, அவள் கையில் ராசி இல்லையாம். நான் எவ்வளவு பெருமையாக இருந்தேன். தாலி எடுத்துக் கொடுக்கக் கூப்பிடுவது மாதிரி என்னைக் கூட்டிக்கொண்டு வந்து எலிக்கூடத்தில் நிற்கவைப்பார்கள், நான் சாமி கும்பிட்டுவிட்டு முதல் எலியை எடுப்பேன். சீ.

ஒன்று முப்பது. இன்னும் இருபது நிமிடம். ஆக, கணக்கு இப்படி வருகிறது. என் கை நின்றது, நான் சொன்னேன், அவள் எழுதினாள், சார் கையெழுத்துப் போட்டார், அது போஸ்டராக வந்து சுவரில் ஒட்டிக்கொண்டது, அந்தச் சுவர் முன்னால் விளக்குமாற்றோடு நின்று வாய் பிளந்து பார்த்து நம்பியவள் யார்? நான். இந்தக் கல்லூரியிலேயே அந்தப் பச்சைக் கட்டையை நம்பக்கூடாத ஒரே ஆள் நான், நம்பி மாத்திரையை நிறுத்திய ஒரே ஆளும் நான். எப்படி மறந்தேன்? மறக்கவில்லை, அரிசி அளவுதானே என்று நினைத்தேன், அரிசி அளவு மேலே நிறுத்தினால் ஏதோ கொஞ்சம் கூடக்குறைய வருமே தவிர அறுபத்திரண்டு எங்கிருந்து வரும், மீதியெல்லாம் இலையின் வேலையாகத்தானே இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேனா, அப்படி நினைக்க வசதியாக இருந்ததா? எலியின் பாதம் எவ்வளவு பெரிசு, என் சுண்டு விரலில் பாதி, அதில் ஒரு அரிசி என்றால் சும்மாவா? பன்னிரண்டு திங்கள். அந்தப் பன்னிரண்டு திங்களும் உள்ளே என்ன நடந்துகொண்டிருந்தது? எலும்பை அரிச்சுடும், போனது திரும்பாது. பயமாக இருக்கிறது. பயத்தைச் சொல்ல வெட்கமில்லை, நாற்பத்தெட்டு வயதில் எனக்கு ஒருவர் சோறு பிசைந்து ஊட்டுகிற நிலைக்கு வந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, நாச்சிமுத்து அதையும் ஒன்றும் சொல்லாமல் செய்வார் என்று இன்னும் பயமாக இருக்கிறது. ஒருவேளை இலை நிஜமாகவே வேலை செய்கிறதோ என்னவோ. செய்யலாம், யார் கண்டது, நான் ஒழுங்காக முக்கிப் பார்த்ததில்லையே. இலையின் பேரில் என்ன தப்பு, அதற்கு ஒருநாளாவது நியாயமாக ஒரு சோதனை வைத்தோமா. எனக்குத் தெரிந்தாக வேண்டும். அவளுக்காக இல்லை, சாருக்காக இல்லை, இந்த விரல்களுக்காக. இந்த நான்காவது மணிக்குக் கோடு வரைக்கும் முக்குவேன். முழுசாக முக்கிக் குழாயில் எவ்வளவு ஏறுகிறது என்று என் கண்ணால் பார்ப்பேன்.

பார்த்துவிட்டு? அவளிடம் வழக்கமான எண்ணைச் சொல்லிவிடுவேன். ஒன்று புள்ளி ஒன்று என்று ஏதாவது. குழாய் என் கண்ணுக்கு நேரேதான் இருக்கிறது, அவள் நோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். யாருக்கும் நஷ்டமில்லை. எனக்கு உண்மை, அவளுக்குப் பட்டம், எனக்கு ஒன்பதாவது புடவை. யோசிக்க யோசிக்க நல்ல ஏற்பாடாகத்தான் தெரிகிறது. “அக்கா, உங்ககிட்ட சொல்லவே இல்லையே” என்று ஸ்டூலை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வருகிறாள். இவளுக்கு இப்போது பேச வேண்டும். “வியாழக்கிழமை ஒரு கம்பெனிக்காரங்க வாராங்களாம், சார் சொன்னாரு. இன்னைக்குத் திரும்பச் செய்யிற இந்தச் சோதனையும் நல்லா வந்துட்டுன்னா கேப்சூல் போடுறதுக்கு எடுத்துக்கிடுவாங்களாம். மூட்டு வலிக்கு. கடையில எல்லாம் வருமாம்.” “மனுஷங்களுக்கா?” “பின்ன எலிக்காக்கா?” என்று சிரிக்கிறாள். “முத டப்பா உங்களுக்குத்தான். நான் அன்னைக்கே நெனச்சிட்டேன், கோதைக்காவுக்குக் கொடுத்துட்டுத்தான் மத்தவங்களுக்குன்னு. அந்த இங்கிலீஷ் மாத்திரையெல்லாம் தூக்கிப் போட்டுரலாம்.” அவள் முகத்தில் அறையலாம் போல இருந்தது. தூக்கிப் போட்டுவிட்டேனடி, நீ சொல்வதற்கு முன்னாலேயே போட்டுவிட்டேன். “கையைக் காட்டுங்க” என்று என் வலது கையை எடுத்து அவள் மடியில் வைத்துக்கொண்டாள், நான் இழுத்துக்கொள்ளவில்லை, இழுத்தால் வலிக்கும். முட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். சிவந்து பளபளவென்று இருந்தன. “சூடா இருக்கேக்கா.” ஆமாம், சூடாகத்தான் இருக்கும், தினமும் உன் மருந்தைக் குடிக்கிற கை. வாய் வரைக்கும் வந்துவிட்டது. கையை எடுத்துக்கொண்டேன்.

ஈரோட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் அன்றைக்கு எனக்குப் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், பவானியிலிருந்து வந்தவள், விரல்களெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து போயிருந்தன. டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத்தான் குடித்தாள். எப்படீங்க இப்படி ஆச்சு என்று கேட்டேன். “நாட்டு மருந்து தின்னு பாத்தனுங்க, நல்லாக் கேக்குதுன்னு சொன்னாங்க” என்றாள். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கென்ன, அவள் விதி என்று நினைத்து டோக்கனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னவள் எங்கேயோ ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு ஆரஞ்சுச் சுளை தின்றுகொண்டிருந்திருப்பாள். இதை எதற்கு இப்போது நினைக்கிறேன், அவள் வேறு, நான் வேறு, அவள் தின்றது வேறு மருந்து. வியாழக்கிழமை வருகிறவர்கள் படித்தவர்கள், அவர்களே இன்னொரு தடவை சோதித்துப் பார்ப்பார்கள். பார்ப்பார்களா? சார் எழுதி நீட்டுவதை வாங்கிக்கொண்டு போவார்கள். அப்புறம் கடையில் பச்சை நிற டப்பா. கொக்கி மாட்ட முடியாத ஒருத்தி அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்து, ஆராய்ச்சியில் நிரூபித்தது என்று படித்துவிட்டு, திங்கட்கிழமை மாத்திரையைப் புடவைக்கு அடியில் தள்ளிவிடுவாள். அவளை எனக்கு நன்றாகத் தெரியும், அவளுக்காகவெல்லாம் நான் இரக்கப்படப் போவதில்லை, எனக்கு யார் இரக்கப்பட்டார்கள்? இன்னும் ஐந்து நிமிடம். எழுந்து சாமி படத்தைப் பார்க்காமல் மேஜைக்குப் போகிறேன்.

கண்ட்ரோல் முதலில். ஆறு எலியும் முடிகிறது. ஒன்று புள்ளி ஆறு, ஒன்று புள்ளி ஐந்து எட்டு, அப்படி அப்படித்தான். அப்புறம் மாத்திரை குரூப்பு, இந்த ஆறையும் முழுசாகத்தான் முக்குகிறேன், எண் ஒன்றுக்குப் பக்கத்தில் நிற்கிறது, கடை மாத்திரை கடை மாத்திரைதான். ஷைனி எழுதிக்கொண்டே ஏதோ முணுமுணுவென்று பாடுகிறாள். மூன்றாவது கூண்டைத் திறக்கிறேன். தலையில் மஞ்சள் சாயப் புள்ளி வைத்த முதல் எலி, கைக்கு வந்ததும் சூடாக மூச்சு விடுகிறது. விரல்கள் நெருங்க மறுக்கின்றன, நெருக்குகிறேன், முழங்கை வரை வலி ஓடுகிறது. கால் இறங்குகிறது. அந்த இடம் வருகிறது, பதினேழு வருடமாக என் கை நிற்கிற இடம், கை நிற்கிறது, நின்றுவிட்டது, நான் வேண்டாம் என்றாலும் அதற்குப் பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு கீழே அழுத்துகிறேன். கறுப்புக் கோடு பாதரசத்தைத் தொடுகிறது. குழாயைப் பார்க்கிறேன். ஏறி, ஏறி, நின்றது. ஒன்று புள்ளி ஐந்து ஒன்பது. இன்னொரு தடவை தூக்கி இறக்குகிறேன். ஒன்று புள்ளி ஐந்து ஒன்பது. பசைத் தண்ணீர் குடித்த எலிக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. பன்னிரண்டு வாரமாக நான் பசைத் தண்ணீர் குடித்திருக்கிறேன்.

“சொல்லுங்கக்கா” என்கிறாள் ஷைனி, நோட்டைப் பார்த்தபடி. ஒன்று புள்ளி ஒன்று நாலு என்று சொல்ல வேண்டும். நாக்கின் நுனியில் தயாராக இருக்கிறது, நாற்பது நிமிடமாகத் தயார் செய்து வைத்திருக்கிற எண். வாயைத் திறக்கிறேன்.

“ஒண்ணு புள்ளி அஞ்சு ஒம்பது.”

பேனா நிற்கிறது. “மூணாவது கூண்டுதானேக்கா? கண்ட்ரோலைத் திரும்ப எடுத்துட்டீங்களா?”

“மூணாவதுதான்.”

“மூணாவது மணியில ஒண்ணு புள்ளி ஒண்ணு தானே இருந்துச்சு, அதே எலி. ஒரு மணி நேரத்துல எப்படிக்கா இவ்வளவு ஏறும்?” எழுந்து வந்து குழாயைப் பார்க்கிறாள், எலியின் காலைப் பார்க்கிறாள். “கோட்டுல சரியா முக்கினீங்களா?”

“இப்பத்தான் கண்ணு, சரியா முக்குனேன்.”

முதலில் சிரிக்கப் பார்க்கிறாள். நான் சிரிக்கவில்லை என்றதும் அவள் உதடு அப்படியே நிற்கிறது. என் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெதுவாக நோட்டை எடுத்து முந்தைய பக்கத்தைத் திருப்புகிறாள். அதற்கு முந்தைய பக்கத்தை. அதற்கும் முந்தையதை. வேகமாக, இன்னும் வேகமாக, இரண்டு வருடத்துப் பக்கங்களும் அவள் விரலடியில் சரசரவென்று போகின்றன. முதல் எலியைக் கூண்டில் விட்டுவிட்டு இரண்டாவதை எடுத்து, கோடு வரைக்கும் இறக்குகிறேன்.